எந்த நாள், எந்த ஆள்: 2025-ல மதச் செய்திகளுக்கு அடியில ஓடின ரெண்டு கேள்வி

மொரிசியஸ் வீட்டுச் சுவத்துல தொங்குற 2025 காலண்டர்ல முதல் மூணு மாசத்தை மட்டும் பாருங்க. ஜனவரி 29 சீனப் புத்தாண்டு, பிப்ரவரி 11 தைப்பூசக் காவடி, பிப்ரவரி 26 மகா சிவராத்திரி, மார்ச் 30 யுகாதி, அதை ஒட்டியே ஈத். ஈத்துக்குப் பக்கத்துல மட்டும் "பிறையைப் பொறுத்து"ன்னு ஒரு குறிப்பு. வருஷத்துக்கு 15 அரசு விடுமுறை இருக்குற இந்த நாட்டுல ஏழு விடுமுறை வருஷா வருஷம் தேதி மாறும், ஏன் மாறுதுன்னு கேட்டா பெரும்பாலான வீட்டுல கிடைக்குற பதில் "கோயில்ல சொன்னாங்க", "மசூதியில சொன்னாங்க", அவ்வளவுதான்.

அதே வருஷம் வெளி உலகத்துலயும் மதச் செய்தி ஒண்ணு மேல ஒண்ணா வந்துச்சு. பிரயாக்ராஜ்ல கும்பமேளா, ஆகா கான் மறைவு, ஈஸ்டருக்கு மறுநாள் போப் பிரான்சிஸ் மறைவு, புது போப், 90 வயசுல தலாய் லாமாவோட அறிவிப்பு, கான்டர்பரிக்கு முதல் பெண் ஆர்ச்பிஷப், கிறிஸ்தவ பிஷப்புகள் கூடின நைசியா சங்கத்துக்கு 1700 வருஷம்னு. தனித்தனியா படிச்சா தலை சுத்தும். ஆனா கொஞ்சம் தோண்டிப் பாத்தா பெரும்பாலும் ரெண்டே கேள்விதான் ஓடுது: அந்த நாள் எதுன்னு யார் முடிவு பண்றது, அந்த ஆள் யாருன்னு யார் முடிவு பண்றது. சாமி, தத்துவம் எல்லாம் அதுக்கப்புறம்தான். முதல்ல நாள் கணக்கைப் பாப்போம், ஏன்னா நம்ம ஊர்ல அதிகமா குழப்புறது அதுதான்.

மூணு வகை காலண்டர்

1. சூரியக் காலண்டர். பூமி சூரியனைச் சுத்தி வர சுமார் 365 நாள். கிறிஸ்மஸ், நம்ம பொங்கல், சித்திரை வருஷப் பிறப்பு எல்லாம் இந்தக் கணக்கு, அதனால தேதி நகராது, மிஞ்சிப் போனா ஒரு நாள் முன்னப்பின்ன. (இந்த ரெண்டு தமிழ்ப் பண்டிகையும் மொரிசியஸ் விடுமுறை லிஸ்ட்ல இல்லைங்கிறது வேற விஷயம்.)

2. சந்திரக் காலண்டர். அமாவாசைக்கு அமாவாசை சுமார் 29 நாளரை, அப்படி பன்னெண்டு மாசம் சேர்ந்தா 354 நாள்தான் வரும். இஸ்லாமியக் காலண்டர் இது. ஒவ்வொரு வருஷமும் 10, 11 நாள் முன்னாடி நகந்துகிட்டே இருக்கும், அதை யாரும் இழுத்துப் பிடிக்க மாட்டாங்க. அதனாலதான் 2030-ல ஒரே வருஷத்துல ரெண்டு தடவை ரமலான் தொடங்கப் போகுது, ஜனவரியில ஒண்ணு, டிசம்பர் கடைசியில இன்னொண்ணு.

3. ரெண்டும் கலந்தது. வட இந்திய, தெலுங்குப் பஞ்சாங்கம், சீனக் காலண்டர், யூதக் காலண்டர் எல்லாம் இந்த வகை. மாசம் சந்திரனைப் பாத்து ஓடும், ஆனா வருஷத்துக்கு 11 நாள் குறையுதுன்னு தெரிஞ்சு, 19 வருஷத்துல ஏழு தடவை ஒரு முழு மாசத்தைக் கூடுதலா நுழைச்சு சரி பண்ணிக்கும். அதுக்குப் பேரு அதிக மாசம்.

தமிழ்ப் பஞ்சாங்கம் இதுல ஒரு தனி ரகம். மாசம் சூரியக் கணக்கு, ஆனா அந்த மாசத்துக்குள்ள விழா எந்த நாள்ங்கிறதை சந்திரன் நிக்கிற நட்சத்திரமோ திதியோ சொல்லும். தைப்பூசம்னா தை மாசம் சூரியன் கொடுத்தது, பூசம் சந்திரன் கொடுத்தது. அதனால பூசம் ஜனவரி நடுவுல இருந்து பிப்ரவரி நடு வரைக்கும் ஊஞ்சல் ஆடும், அதைத் தாண்டாது.

இப்ப காலண்டரைத் திரும்பப் பாருங்க

2025 பிப்ரவரி 28 அமாவாசை. சிவராத்திரி எப்பவும் தேய்பிறை சதுர்த்தசி, அதாவது அமாவாசைக்கு முந்தின ராத்திரிகள்ல வரும், அதனால 26. அமாவாசை முடிஞ்சு பிறை தெரிஞ்சதும் ரமலான் ஆரம்பம், சவூதியில மார்ச் 1, இந்தியாவுல மார்ச் 2. அடுத்த அமாவாசை மார்ச் 29. அதுக்கு மறுநாள் புது மாசத்தோட முதல் நாள், அது தெலுங்குக்காரங்களுக்கு யுகாதி, பிறை பாத்தவங்களுக்கு ஈத். சவூதியில ஈத் மார்ச் 30, நம்ம காலண்டர்ல யுகாதியும் மார்ச் 30. சிவராத்திரிக்கு கங்கா தலாவ் ஏரிக்கு வெள்ளை உடுப்புல நடந்து போறவரும் நோன்பு பிடிக்கத் தயாராகுற பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே அமாவாசையோட ரெண்டு பக்கத்துல நிக்கிறாங்க, அவ்வளவுதான் விஷயம்.

2026-லயும் இதே ஜோடி: சிவராத்திரி பிப்ரவரி 15, அமாவாசையும் சீனப் புத்தாண்டும் 17, ரமலான் 18 அல்லது 19. 2025-ல சீனப் புத்தாண்டு மட்டும் ஒரு அமாவாசை முன்னாடியே ஜனவரி 29-ல வந்துருச்சே, 2026-ல எப்படி வந்து சேந்துச்சுன்னு கேட்டா, சீனக் காலண்டர் 2025 நடுவுல ஆறாவது மாசத்தை ரெண்டு தடவை போட்டுக்கிச்சு, அந்தக் கூடுதல் மாசம்தான் அடுத்த புத்தாண்டை பிப்ரவரி 17 வரைக்கும் தள்ளிடுச்சு. இந்துப் பஞ்சாங்கம் அதையே 2026 மே நடுவுல இருந்து ஜூன் நடு வரைக்கும் செய்யுது, அதனாலதான் 2026 தீபாவளி நவம்பர் 8 வரைக்கும் தள்ளிப் போகுது. இஸ்லாமியக் காலண்டர் அப்படித் தள்ளாது. ஆக 2027-ல ஜோடி பிரிஞ்சிடும், ரமலான் பிப்ரவரி 8 வாக்குல தொடங்கும், சிவராத்திரி மார்ச் 6-க்குப் போயிடும்.

திதி ஒண்ணு, நட்சத்திரம் வேற

பிப்ரவரி 11 நம்ம கோர் தெ கார்த் மலைக் கோயில்ல காவடி ஏறுது, மறுநாள் 12 பிரயாக்ராஜ்ல மாகி பூர்ணிமா குளியல். ஒரே பௌர்ணமியைச் சேந்த ரெண்டு விழா, ஏன் ஒரு நாள் வித்தியாசம்?

திதிங்கிறது சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவுல இருக்குற கோண தூரம். 12 டிகிரி கூடினா ஒரு திதி முடியும், மாசத்துக்கு 30 திதி. நட்சத்திரங்கிறது சந்திரன் வானத்துல எந்த வீட்டுல இருக்குங்கிறது, மொத்தம் 27 வீடு, பூசம் எட்டாவது. ரெண்டும் வேற வேற அளவுகோல். தை மாசத்துல பூசமும் பௌர்ணமியும் கிட்டக்கிட்ட வரும், சில வருஷம் ஒரே நாள்ல விழும், சில வருஷம் ஒரு நாள் தள்ளி விழும். வட இந்தியக்காரங்க திதியைப் பிடிச்சாங்க, நாம நட்சத்திரத்தைப் பிடிச்சோம்.

இதுல இன்னொரு சிக்கல், சந்திரன் ஒரே வேகத்துல ஓடுறதில்ல. ஒரு திதி 19 மணி நேரத்துல முடிஞ்சிடலாம், 26 மணி நேரமும் இழுக்கலாம். அது தொடங்குற நொடி உலகம் முழுக்க ஒண்ணுதான், ஆனா சூரியன் உதிக்கிறதும் மறையுறதும் ஊருக்கு ஊர் மாறுது. 2025 தீபாவளிக்கு இந்தியாவுல 20-ஆ 21-ஆன்னு சண்டை வந்தது இதனாலதான். அமாவாசை அக்டோபர் 20 பிற்பகல் 3:44-க்குத் தொடங்கி 21 மாலை 5:54-க்கு முடிஞ்சுது, இது இந்திய நேரம். லட்சுமி பூஜைக்கு சூரியன் மறையுற நேரத்துல அமாவாசை இருக்கணும்னு விதி. கிழக்கு இந்தியாவுல 5:54-க்கு முன்னாடியே சூரியன் மறைஞ்சிடும், அப்ப 20, 21 ரெண்டு நாள் சாயங்காலமும் அமாவாசை இருக்கு, எதைப் பிடிக்கிறது? மொரிசியஸ்ல இந்தச் சண்டைக்கே இடம் இல்ல. நாம இந்தியாவை விட ஒன்றரை மணி நேரம் பின்னாடி, அதனால நம்ம கடிகாரத்துல அமாவாசை 21-ஆம் தேதி மாலை 4:24-க்கே முடிஞ்சிடுச்சு, அப்ப இங்க சூரியன் நல்லா மேல இருக்கு. விதிப்படி 20 மட்டும்தான் வரும், நம்ம விடுமுறையும் அதே 20-தான். சென்னையில அச்சடிச்ச பஞ்சாங்கத்தை அப்படியே தூக்கிட்டு வந்து இங்க நேரம் பாக்குறவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும், ராகு காலம் கூட அதே கதைதான்.

கணக்கு ஒண்ணா இருந்தாலும் முடிவு ஒண்ணா இருக்காதுங்கிறதுக்கு திருச்செந்தூர் நல்ல உதாரணம். 2025 ஜூலை 7 கும்பாபிஷேகம், நாள்ல பிரச்சனை இல்ல, எந்த நேரம்ங்கிறதுல தகராறு வந்து விஷயம் ஹைகோர்ட் வரைக்கும் போச்சு, காலையில வைக்கணுமா மதியம் வைக்கணுமான்னு. கடைசியில அதிகாலை 6 மணிக்கு மேலதான் நடந்துச்சு. ஆகமம் தெரிஞ்சவங்களே ரெண்டு பக்கம் நின்னா நீதிபதி என்ன பண்ணுவாரு, நிபுணர் குழுகிட்டதான் கேட்கணும்.

144 வருஷம்ங்கிற கதை

கும்பமேளா ஜனவரி 13-ல இருந்து பிப்ரவரி 26 வரைக்கும் 45 நாள் நடந்துச்சு. கடைசிக் குளியல் சிவராத்திரி அன்னைக்கு, அதே நாள் இங்க கங்கா தலாவ்லயும் கூட்டம். "144 வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும்"னு எல்லா போன்லயும் மெசேஜ் சுத்துச்சு. இதை எப்படிப் புரிஞ்சுக்கிறது?

அடிப்படை எளிமை. குரு கிரகம் ராசிச் சக்கரத்தை ஒரு சுத்து சுத்த 11.86 வருஷம், தோராயமா பன்னெண்டு. குரு ரிஷபத்துல இருந்து, சூரியன் மகரத்துக்கு வந்தா பிரயாக்ராஜ்ல கும்பமேளா. குரு சிம்மத்துக்கு வந்தா நாசிக்ல, அதே சிம்ம குருவுல நம்ம கும்பகோணத்துல மகாமகம், கடைசியா 2016 பிப்ரவரி 22-ல நடந்தது. ஆக 12 வருஷச் சுத்துங்கிறது வானத்துல உண்மையிலேயே இருக்கு. 144-ங்கிறது 12-ஐ 12-ஆல பெருக்கினது, வானத்துல அதுக்குன்னு தனியா ஒரு அடையாளம் கிடையாது. 2013-ல பிரயாகையில நடந்ததையும் மகா கும்பம்னுதான் சொன்னாங்க.

அதுவும் 11.86 முழுசா 12 இல்லையா, அந்த மிச்சம் சேந்துகிட்டே வந்து சுமார் 80 வருஷத்துக்கு ஒரு தடவை கும்பமேளாவை ஒரு வருஷம் முன்னாடி இழுத்துடும். ஹரித்வார்ல 2010-க்கு அப்புறம் 2022 வரணும், ஆனா 2021-லயே வந்துச்சு. 144 வருஷத்தை இரும்புக் கணக்கா சொல்றவங்களுக்கு இது இடிக்கும்.

பிறையை யார் பாக்கணும்

ரமலானும் ஈத்தும் வேற மாதிரி. அமாவாசை எந்த நொடின்னு விஞ்ஞானம் வருஷக்கணக்கா முன்னாடியே சொல்லிடும், ஆனா மாசம் தொடங்குறது அமாவாசையில இல்ல, அதுக்கப்புறம் மெல்லிசு கீத்துப் பிறை கண்ணுக்குத் தெரியிறப்பதான். மேகம், கடலோரமா மலையோரமா, சூரியன் மறைஞ்சு எத்தனை நிமிஷம் பிறை வானத்துல நிக்குது, இதெல்லாம் அதுல வரும். அதனால மூணு கட்சி:

1. எங்க ஊர்ல கண்ணால பாத்தாதான் உண்டுங்கிறவங்க. மொரிசியஸ் பெரும்பாலும் இப்படித்தான், போர்ட் லூயிஸ் ஜும்மா மசூதி சொல்றதைக் கேட்டுட்டுத்தான் மறுநாள் ஆபீஸ் உண்டா இல்லையான்னு மத்தவங்களுக்கும் தெரியும்.

2. உலகத்துல எங்கயாவது, குறிப்பா சவூதியில, பாத்துட்டா போதும்ங்கிறவங்க.

3. கணக்கே போதும், யாரும் பாக்க வேணாம்ங்கிறவங்க. துருக்கி இப்படி.

2025 மார்ச் 29 சாயங்காலம் பிறை தெரிஞ்சுதுன்னு சவூதி அறிவிச்சப்ப, அன்னைக்கு அங்க தெரியிறதுக்கு வாய்ப்பே இல்லைன்னு வானியல்காரங்க பலர் சொன்னாங்க. இந்தியா 31-ல கொண்டாடுச்சு. வெளியில இருந்து பாக்குறவங்க "ஒரே மதம், ஏன் ரெண்டு ஈத்"னு கிண்டல் பண்ணுவாங்க, தீபாவளிக் கணக்கை மேல பாத்தவங்க அப்படிக் கிண்டல் பண்ண மாட்டாங்க.

ஈஸ்டர் ஏன் 2025-ல ஒண்ணா வந்துச்சு

கிறிஸ்தவங்களுக்கு கிறிஸ்மஸ் சூரியக் கணக்கு, ஈஸ்டர் மட்டும் சந்திரனோட கட்டுப்பட்டது. விதி: மார்ச் 21 அன்னைக்கோ அதுக்கப்புறமோ வர்ற முதல் பௌர்ணமி, அதுக்கு அடுத்த ஞாயிறு. எல்லாரும் ஒரே நாள்ல கொண்டாடணும்னு 325-ல நைசியாவுல கூடின சங்கம் முடிவெடுத்துச்சு. அந்த ஊர் இன்னைக்கு துருக்கியில இஸ்னிக்.

அப்புறம் எப்படிப் பிரிஞ்சாங்க? பழைய ஜூலியன் காலண்டர்ல வருஷம் நிஜத்தை விட 11 நிமிஷம் கூடுதல். அற்பமாத் தெரியும், ஆனா 1582 வரைக்கும் சேந்து வந்ததுல பத்து நாள் பிசகிப்போச்சு. போப் 13-ஆம் கிரகரி பத்து நாளைத் தூக்கிப் போட்டு புதுக் காலண்டர் கொண்டு வந்தாரு. அவரோட காலண்டரை வச்சு ஈஸ்டர் கணக்கு போட கிழக்கத்திய கிறிஸ்தவங்களான ஆர்த்தடாக்ஸ் சபைகள் ஒத்துக்கல, இன்னைக்கு அந்த வித்தியாசம் 13 நாள். அதனால "மார்ச் 21"ங்கிறதே ரெண்டு பேருக்கும் வேற நாள், ஈஸ்டரும் பெரும்பாலும் வேற.

சில வருஷம் ரெண்டு கணக்கும் ஒரே பௌர்ணமியைப் பிடிச்சிடும். 2025 ஏப்ரல் 20 அப்படித்தான். 2026-ல திரும்பவும் ஏப்ரல் 5, ஏப்ரல் 12-ன்னு பிரிவு, அடுத்து சேர்றது 2028 ஏப்ரல் 16. நைசியாவோட 1700-ஆவது வருஷமே பொது ஈஸ்டர் வந்ததால, இதையே நிரந்தரமாக்கலாமேன்னு பேச்சு பலமா வந்துச்சு, நவம்பர் 28-ல புது போப்பும் ஆர்த்தடாக்ஸ் தலைவர் பார்த்தலோமேயு பேட்ரியார்க்கும் இஸ்னிக்ல ஏரிக்குள்ள முங்கிக் கிடந்த பழைய தேவாலயத்தோட இடிபாடு பக்கத்துல சேந்து ஜெபம் பண்ணாங்க. தேதி மட்டும் இன்னும் முடிவாகல. 1700 வருஷம் ஆகியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒத்துக்க முடியல.

இனி ஆள் கணக்கு

ஒரு தலைவர் போனா அடுத்தவர் யாருங்கிறதுக்கு 2025 ஒரே வருஷத்துல நாலு வேற வேற வழியைக் காட்டுச்சு. இப்படி நாலும் ஒரே வருஷத்துல வர்றது அபூர்வம்.

1. ஓட்டு

போப் பிரான்சிஸ் ஏப்ரல் 21-ல, 88 வயசுல காலமானார், முந்தின நாள்தான் ஈஸ்டருக்கு பால்கனியில வந்து ஆசி கொடுத்தாரு. மொரிசியஸ்ல இது வெளிநாட்டுச் செய்தி மாதிரி இல்ல, 2019 செப்டம்பர் 9-ல அவர் இங்க வந்து மாரி ரேன் தெ லா பேய்ல பூசை வச்சதை எல்லா மதத்துக்காரங்களும் ஞாபகம் வச்சிருக்காங்க.

போப் இல்லாத இடைக்காலத்துக்கு "காலி ஆசனம்"னு அர்த்தம் வர்ற லத்தீன் பேரு. அப்ப கமர்லெங்கோ அப்படிங்கிற அதிகாரி வீட்டைப் பாத்துக்குவாரு, புதுசா எந்த முடிவும் எடுக்க முடியாது. போப்புக்கு அடுத்த நிலையில இருக்குற கார்டினல்கள்தான் புது போப்பைத் தேர்ந்தெடுப்பாங்க, அதுலயும் 80 வயசு ஆகாதவங்களுக்கு மட்டும்தான் ஓட்டு. மொரிசியஸோட கார்டினல் மொரிஸ் பியா 2024 ஜூலையில காலமாயிட்டாரு, இருந்திருந்தாலும் 80 தாண்டினதால ஓட்டு இருந்திருக்காது.

இந்தத் தேர்தல் கூட்டத்துக்குப் பேரு கான்க்ளேவ், அந்த வார்த்தைக்கே "சாவியோட"ன்னு அர்த்தம், பூட்டி வைக்கிறது. ஏன் பூட்டுறாங்கன்னா 1268-ல விதெர்போ ஊர்ல கூடின கார்டினல்கள் மூணு வருஷம் கிட்ட இழுத்தடிச்சாங்க, ஊர்க்காரங்க வெறுத்துப்போய் அவங்களை உள்ள வச்சுப் பூட்டி, சாப்பாட்டைக் குறைச்சு, கூரையைக் கூடப் பிரிச்சுட்டாங்க. அப்படித் தேர்வான 10-ஆம் கிரகரி 1274-ல பூட்டுறதையே சட்டமாக்கிட்டாரு. 2025-ல 133 பேர் உள்ள போனாங்க, மூணுல ரெண்டு பங்குன்னா 89 ஓட்டு வேணும். மே 7 சாயங்காலம் ஆரம்பிச்சு மே 8 நாலாவது ஓட்டுல முடிஞ்சுது. போப் கிடைச்சா வெள்ளைப் புகை, கிடைக்கலன்னா கறுப்புப் புகை, இதுல முன்ன குழப்பம் இருந்துச்சு, ஓட்டுச் சீட்டோட ஈர வைக்கோல் போட்டு எரிச்சா சாம்பல் நிறமா வரும், யாருக்கும் புரியாது. இப்ப தனி ரசாயனம், கறுப்புக்கு ஆந்த்ரசீனும் கந்தகமும், வெள்ளைக்கு லாக்டோஸும் பிசினும்.

வந்தவர் சிக்காகோவுல பிறந்து பெருவுல பிஷப்பா வேலை பாத்த ராபர்ட் பிரவோஸ்ட். 14-ஆம் லியோன்னு பேரு எடுத்தாரு. பேரு எடுக்கிறதே ஒரு அறிவிப்பு மாதிரி, 13-ஆம் லியோ 1891-ல தொழிலாளர் உரிமை பத்தி சுற்றுமடல் எழுதினவர், அந்த வரிசையைத் தொடரப் போறேன்னு அர்த்தம். 133 பேர்ல 108 பேரை நியமிச்சது பிரான்சிஸ்தான், ஆக ஓட்டுங்கிறது சுதந்திரம்தான் ஆனா ஓட்டுப் போடுறவங்களை முந்தினவர் பொறுக்கி வச்சிட்டுப் போறாரு. 2024 கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி பிரான்சிஸ் திறந்து வச்ச ஜூபிலிங்கிற புனித வருஷத்தோட கதவை 2026 ஜனவரி 6-ல மூடினது லியோ. ஒரு போப் திறந்து இன்னொரு போப் மூடினது 1700-க்கு அப்புறம் இதுதான்.

2. உயில்

பிப்ரவரி 4-ல லிஸ்பன்ல நாலாவது ஆகா கான் காலமானார். ஷியா முஸ்லிம்கள்ல ஒரு பிரிவான இஸ்மாயிலிகளோட இமாம், அதாவது மதத் தலைவர். மறுநாளே உயில் வாசிச்சு மகன் ரஹீமை 50-ஆவது இமாம்னு அறிவிச்சாங்க, ஓட்டு இல்ல, இடைக்காலம் கூட இல்ல. வம்சத்துக்குள்ள யாரை வேணாலும் இமாம் குறிக்கலாம். 1957-ல மூணாவது ஆகா கான் தன் மகன்களைத் தாண்டி, அப்ப 20 வயசுல படிச்சிட்டிருந்த பேரனைக் குறிச்சாரு, அவர்தான் இப்ப போனவர். இந்த நாலுல குழப்பமே இல்லாம முடிஞ்சது இதுதான், அதனாலயே செய்தியில ரெண்டு நாளுக்கு மேல நிக்கல.

3. மறுபிறவி

இதுதான் உண்மையிலேயே சிக்கலானது. திபெத்திய பௌத்தர்களோட தலைவர் தலாய் லாமா ஜூலை 6-ல 90 வயசை முடிச்சாரு. 90 வாக்குல தலாய் லாமாங்கிற இந்தப் பதவி தொடரணுமா வேணாமான்னு சொல்றேன்னு 2011-லயே சொல்லி வச்சிருந்தாரு, ஜூலை 2-ல சொன்னாரு: தொடரும், அடுத்த பிறவியை அடையாளம் காட்டுற உரிமை தன்னோட காதென் போத்ராங் அறக்கட்டளைக்கு மட்டும்தான்.

வழக்கப்படி தலாய் லாமா இறந்தப்புறம் லாமாக்கள் கனவு, குறி, ஏரியில தெரியிற காட்சி எல்லாம் வச்சுக் குழந்தையைத் தேடுவாங்க, போனவரோட பொருளை மத்த பொருளோட கலந்து வச்சு எடுக்கச் சொல்வாங்க. இப்ப இருக்குறவரை 1937-ல ரெண்டு வயசுல கண்டுபிடிச்சாங்க. ஆனா பெய்ஜிங் சொல்றது வேற: 1793-ல சீனாவை ஆண்ட சிங் வம்சப் பேரரசர் தங்கக் குடம் ஒண்ணு அனுப்பி அதுல சீட்டுக் குலுக்கி எடுக்கணும்னு வச்சாரு, 2007-ல போட்ட விதிப்படி எந்த மறுபிறவிக்கும் அரசாங்க அனுமதி வேணும். மறுபிறவியில நம்பிக்கை இல்லாத கம்யூனிஸ்ட் கட்சி மறுபிறவிக்கு பர்மிட் கொடுக்குது.

இதை சிரிச்சிட்டு விட முடியாது, ஏன்னா 1995-ல இது நடந்து முடிஞ்ச கதை. திபெத்திய பௌத்தத்துல தலாய் லாமாவுக்கு அடுத்த பெரிய பதவியான பஞ்சென் லாமாவோட மறுபிறவின்னு தலாய் லாமா ஆறு வயசுப் பையன் கெதுன் சோக்கி நீமாவை அறிவிச்சாரு, சில நாள்லயே பையன் வெளியுலகத்துக்கு மறைஞ்சான், சீனா வேற ஒரு பையனை அந்த இடத்துல உட்கார வச்சுது. தலாய் லாமா பிறவியை ஏத்துக்கிறதுல பஞ்சென் லாமாவுக்குப் பழைய பங்கு உண்டு, அந்த நாற்காலி இப்ப யார் பக்கம்னு பாத்தா பெய்ஜிங்கோட கணக்கு புரியும். நாளைக்கு ரெண்டு தலாய் லாமா வரலாம், ரெண்டு ஈத் மாதிரி. ஆனா இது ஒரு நாள்ல தீராது.

4. கமிட்டியும் ராஜாவும்

இங்கிலாந்து திருச்சபைக்கும் அதைச் சேந்த உலக ஆங்கிலிக்கன் சபைகளுக்கும் மூத்த தலைவரான கான்டர்பரி ஆர்ச்பிஷப் ஜஸ்டின் வெல்பி, சிறுவர் துன்புறுத்தல் விவகாரத்துல சரியா நடவடிக்கை எடுக்கலைங்கிற அறிக்கை வந்ததால 2024 நவம்பர்ல ராஜினாமா அறிவிச்சு 2025 ஜனவரியில போனாரு. ஒரு கமிஷன் கூடிப் பேரை முடிவு பண்ணி, பிரதமர் வழியா ராஜாவுக்குப் போகும். அக்டோபர் 3-ல சாரா முல்லாலி பேரு வந்துச்சு, முதல் பெண், முன்னாடி இங்கிலாந்தோட தலைமை நர்ஸ். இங்கிலாந்து அரசாங்க விஷயம் நமக்கு எதுக்குன்னா, மொரிசியஸ் ஆங்கிலிக்கன்கள் சேஷெல்ஸ், மடகாஸ்கரோட சேந்து இந்தியப் பெருங்கடல் மாகாணமா அதே குடும்பத்துல இருக்காங்க. கமிஷன்ல வெளிநாட்டு ஆங்கிலிக்கன்களுக்கு இப்ப ஐந்து இடம், முன்ன ஒண்ணுதான். அப்படியும் பழமைவாத மாகாணங்கள் பல, முக்கியமா ஆப்பிரிக்காவுல, இவங்க தலைமையை ஏத்துக்க மாட்டோம்னு அதே அக்டோபர்லயே சொல்லிட்டாங்க.

புனிதர் யாருன்னு

ஆள் கணக்குல இன்னொரு கிளை. செப்டம்பர் 7-ல கார்லோ அக்கூத்திஸ் புனிதர் ஆனாரு, 2006-ல 15 வயசுல ரத்தப் புத்துநோய்ல இறந்த பையன், கம்ப்யூட்டர்ல ஆர்வம். ஏப்ரல் 27-ல நடக்க வேண்டியது, பிரான்சிஸ் மறைவால தள்ளிப்போச்சு. படி இப்படி: முதல்ல வாழ்க்கையை விசாரிச்சு வணக்கத்துக்குரியவர், ஒரு அற்புதம் நிரூபணமானா அருளாளர், இன்னொரு அற்புதம் வந்தா புனிதர். அற்புதம்னா பெரும்பாலும் மருத்துவத்தால விளக்க முடியாத குணம், டாக்டர் குழு அலசிப் பாக்கும்.

சேந்த் குவாவுல கல்லறை இருக்குற "பேர்" (பாதர்) லாவால் அதுல ரெண்டாவது படியில நிக்கிறாரு. 1841-ல வந்து, விடுதலையான அடிமைகளோட வாழ்ந்து 1864 செப்டம்பர் 9-ல இறந்த டாக்டர்-பாதிரியார். 1979-ல அருளாளர் ஆனாரு, இன்னும் அங்கேயே இருக்காரு. ஒரு பையன் இறந்து 19 வருஷத்துல புனிதர், இவருக்கு 160 வருஷம் தாண்டியும் ஆகலையேன்னு இங்க கேட்பாங்க. ரோம்ல ஃபைல் நகரணும், ரெண்டாவது அற்புதம் அவங்க கணக்குல தேறணும். செப்டம்பர் 8 ராத்திரி கல்லறைக்கு நடந்து போற தமிழ், தெலுங்கு, முஸ்லிம், சீனக் குடும்பத்துக்கு அந்த ஃபைல் தேவைப்படல.

தேதி உயிரை எடுக்கிற இடம்

நாள் கணக்குங்கிறது பஞ்சாங்கக்காரங்க விவகாரம் மட்டும்னு நினைச்சா ரெண்டு விஷயத்தைப் பாக்கணும்.

ஹஜ். அது சந்திரக் காலண்டர்ல ஓடுறதால 33 வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாப் பருவத்தையும் சுத்தி வரும். சில வருஷமா கொடும் வெயில்ல வந்து விழுந்துச்சு, 2024 ஜூன்ல 1,300 பேருக்கு மேல செத்தாங்க, அதுல பெரும்பாலானவங்க அனுமதி இல்லாம போனதால ஏசி கூடாரமோ பஸ்ஸோ கிடைக்காதவங்க. 2025-ல ஜூன் 4-ல இருந்து 9 வரை, சுமார் 16 லட்சத்து 73 ஆயிரம் பேர், கட்டுப்பாடு கடுமை. இனி ஒவ்வொரு வருஷமும் 11 நாள் முன்னாடி நகந்து வசந்தத்துக்கும் குளிருக்கும் போகுது, கோடை ஹஜ் திரும்ப வர 2050 வாக்குல ஆகும்.

கும்பமேளா. 45 நாள் இருக்கு, ஆனா புண்ணியம் அதிகம்னு சொன்ன நாள் சிலதுதான். ஜனவரி 29 மௌனி அமாவாசை, அதுவும் விடியறதுக்கு முன்னாடி. எல்லாரும் அதே திதி, அதே நேரம், அதே சங்கமம். நெரிசல்ல 30 பேர் செத்ததா அரசாங்கம் சொல்லுச்சு. பிப்ரவரி 15-ல டெல்லி ரயில் நிலையத்துல இன்னொரு 18 பேர். 66 கோடி பேர் குளிச்சாங்கன்னு அரசுக் கணக்கு, ஒரே ஆள் எத்தனை தடவை எண்ணப்பட்டாருன்னு சொல்ல முடியாத கணக்கு அது. 144 வருஷம்னு பரப்பின மெசேஜுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொல்ல எனக்கு மனசு வரல, அடுத்த தடவை வரும்னு தெரிஞ்சிருந்தா பாதிப் பேர் நிதானமா வேற நாள்ல போயிருப்பாங்க.

நம்ம ஊரும் விதிவிலக்கு இல்ல. 2024 மார்ச்ல சிவராத்திரிக்கு இழுத்துட்டுப் போன பெரிய கன்வார், அதாவது அலங்கார ரதம், மின்கம்பியில பட்டுத் தீப்பிடிச்சு 6 பேர் செத்தாங்க. கன்வாரோட உயரம் எவ்வளவு இருக்கலாம்னு அதுக்கப்புறம்தான் எல்லாரும் அளவு பேச ஆரம்பிச்சாங்க.

2026 காலண்டர் கைக்கு வந்தப்ப இங்க முதல்ல எல்லார் கண்ணுலயும் பட்டது பிப்ரவரி 1. தைப்பூசக் காவடியும் அடிமை ஒழிப்பு நாளும் ஒரே தேதி, அதுவும் ஞாயித்துக்கிழமை. ஒரு பக்கம் அடிமைத்தனம் ஒழிஞ்ச 1835-ஓட நினைவா சூரியக் காலண்டர்ல அசையாம நிக்கிற தேதி, இன்னொரு பக்கம் நகந்து நகந்து வந்து அதுமேல உட்கார்ந்த பூசம். ரெண்டு லீவும் போச்சு. 2027-ல பூசம் ஜனவரி 22, வெள்ளிக்கிழமை, காவடிக்குப் போடுற ஏழு கறி சைவச் சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு சனி ஞாயிறு படுத்துக்கலாம்.